பனிப்பூ முத்திரை

ஐப்பசி பிறந்து ஆறாம் நாள்
முதல் மழை சாம்பல்தீவுப் பாலத்தை நனைத்துவிட்டுப் போனது.
அன்றிரவு வண்டி
நான் திருப்பாத ஒரு திசையில்
இரண்டு முழம் போய்வந்தது.
விபத்தில்லை. யாரும் காணவுமில்லை.
ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை மட்டும்
வீடு வந்தும் தேத்தண்ணிக் கோப்பையை
விடாமல் இறுக்கிக்கொண்டிருந்தது.

நீலச் சுபாரு. இருபது வயது.
கடன் முடிய இன்னும் பதினொரு மாதம்.
சீனக்குடா மா ஆலையில் இரவு வேலை முடித்து
வெறும் வீதியில், மூன்றாம் கியரில்,
டர்போ மூச்சிழுக்கும் அந்த ஒரு கணத்துக்காக
சோத்துக் காசை அதற்குத் தீத்துகிறேனாம்.
ரேணுகா சொல்வாள். பொய்யில்லை.

கடையில் சப்றான் குந்தியிருந்து விளக்கடித்துப் பார்த்தான்.
"நடுவில நூல் தெரியுது.
இவ்வளவு நாளும் நீங்க ஓடினது டயரிலயில்ல,
நேத்தியில."

உள்ளே, யப்பானிலிருந்து வந்த பழையவற்றின் அடுக்கில்
நாலு டயர், என் அளவு.
மீன் செவுள்போல நுணுக்கமாய்க் கீறிய கட்டைகள்.
விளிம்பில் ஒரு மலை. மலைக்குள் ஒரு பனிப்பூ.
"குளிர்நாட்டுச் சாமான். அரை விலை."
நகத்தால் அழுத்தினேன். பதிந்தது.
எந்த மலைப்பாதையில்
யாரை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததோ,
கீறலொன்றில் ஒரு சிறு கல் செருகியிருந்தது,
கறுப்பு, எங்கள் ஊர்க் கல்லைப் போலில்லை.
கிளப்பி எடுத்து
வண்டியின் சில்லறைத் தட்டில் போட்டேன்.

மழைக்கு நல்லம்தானே என்று கேட்டேன்,
விலையைப் பார்த்துக்கொண்டு.
சப்றான் சிரிக்கவில்லை.
"மழைக்குச் சரி. மழை விட்டா?
கார்த்திகையிலயும் பத்து மணிக்கு இஞ்ச தார் சுடும்.
சூட்டில இது அழிறப்பர்.
வளைவில நீங்க ஒரு பக்கம், டயர் ஒரு பக்கம்."

இரவு பிரம்டனிலிருந்து கஜமுகன் எடுத்தான்.
வருடம் இரண்டு தரம் மாற்றுகிறான்;
கழற்றியவை கராஜில், பொலித்தீன் சுற்றி, இடம் வலம் எழுதி.
"ஏழு பாகைக்குக் கீழ போனா மாத்து, அவ்வளவுதான்."
விசிறி சுழன்றது. வெளியே இருபத்தெட்டு.
எங்களுக்கு ஏழு பாகை
ஆஸ்பத்திரி மருந்துப் பெட்டிக்குள் மட்டும்.

எங்கள் மாரி பனி கொண்டுவராது.
நிலாவெளி வீதியில் கடல்மணலைத் தூவும்.
தம்பலகாமத்தில் உழவு மெசின் சில்லின் சேற்றை
வளைவு பார்த்துக் கொட்டும்.
குழியைத் தண்ணீரால் மூடி
மட்டம் என்று பொய் சொல்லும்.

பந்தய டயரும் இருந்தது, புதிது.
வழவழவென்று, மூன்றே வாய்க்கால்.
நான் அதைத் தடவிய நேரம்
சப்றான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான்,
கூட்டாளி பழைய காதலியோடு கதைக்கையில்
ஒருவன் திரும்பிக்கொள்வதுபோல.

வாங்கியது எல்லாக் காலத்துக்குமானது.
மூன்று தவணை.
பள்ளிக்கூடச் சப்பாத்து மாதிரி இருக்கிறது.
உவர்மலை வளைவில் ஸ்டியரிங் சொன்னதை
கொஞ்சம் யோசித்துத்தான் செய்கிறது.
அந்தக் கொஞ்சம் எனக்கு நோகிறது.

கார்த்திகை நடுவில், விடியப்புறம் நாலரை.
பெனடிற்றை இறக்கிவிட்டுத் திரும்புகிறேன்.
மழை குறுக்காக அடிக்கிறது.
கோட்டை வாசலடியில், நடுவீதியில்,
ஒரு புள்ளிமான்.
மிதித்தேன்.
பெடல் காலுக்கடியில் துடித்தது.
நின்றது.
மானுக்கும் பம்பருக்கும் நடுவே
ஒரு சைக்கிள் போகலாம்.

மான் அசையவில்லை.
பொனற்றில் எழுந்த ஆவியை முகர்ந்தது,
ஈரக் காதை ஒருதரம் உதறியது,
பிறகு பஸ் நிலையப் பக்கம் நடந்தது,
பழத்தோல் தேடி.

இஞ்சினை நிறுத்தாமல் இருந்தேன்.
சில்லறைத் தட்டிலிருந்து அந்தக் கறுப்புக் கல் மட்டும்
நிற்கத் தெரியாமல்
என் காலடியில் வந்து விழுந்திருந்தது.